டயட் டெக்னீஷியன் வேலையில் சேரலாமா?

பி.எஸ்சி நியூட்ரிஷன் முடித்த ஒரு பெண் கேட்டிருக்கிறார். பக்கத்து ஊர் தனியார் ஆஸ்பத்திரியில் டயட் டெக்னீஷியன் வேலை கிடைத்திருக்கிறது. எந்த நோயாளிக்கு என்ன உணவு என்று எழுதுகிற டயட்டீஷியன் வேறு ஒருவர் இருக்கிறார், இவர் அவருக்குக் கீழே. "தட்டு தூக்கவா மூணு வருஷம் படிச்சே?" என்கிறாராம் அப்பா. உண்மையில் அது என்ன வேலை, சேர்ந்தால் மேலே வர முடியுமா என்பது கேள்வி.

அப்பா சொல்வதில் பாதி சரி. தட்டும் தூக்க வேண்டியிருக்கும். 2007-ல் நான் சேர்ந்த முதல் வாரமே கிச்சனில் இரண்டு பேர் லீவு. மூன்றாம் மாடிக்கு டிராலியைத் தள்ளிக்கொண்டு போனது நான்தான். லிஃப்டில் ஒருவர் "ஒரு காபி சேர்த்துக் கிடைக்குமாம்மா?" என்று கேட்டார். பட்டம் வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை, முகம் சுண்டிப் போய்விட்டது. மத்தியானம் அதே டிராலியைத் திரும்ப எடுக்கப் போனேன். மூடிகளைத் திறந்தால் பாதித் தட்டுகள் தொடாமலே இருந்தன. கேஸ் ஷீட்டில் 'டயட் கொடுக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. கொடுத்தது உண்மைதான். சாப்பிட்டாரா என்று எழுத அதில் இடமே இல்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விட்டார், டயட்டீஷியன் ஓ.பி.யில் இருக்கிறார், நர்ஸுக்கு மருந்து கொடுக்கவே நேரம் போதவில்லை. எழுதிய உணவுக்கும் வாய்க்குள் போன உணவுக்கும் நடுவில் இருக்கிற அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலை. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவது.

முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடுவோம். டயட்டெடிக் டெக்னீஷியன் என்பது அமெரிக்காவில் தனியாகப் பதிவு செய்துகொள்ளும் ஒரு தகுதி. படிப்பை முடித்துத் தேர்வு எழுத வேண்டும், 5 வருஷத்துக்கு ஒருமுறை 50 மணி நேரத் தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து அங்கே டயட்டீஷியன் பதிவுத் தேர்வு எழுத முதுநிலைப் பட்டம் கட்டாயம். அதனால் இளநிலையோடு நிற்பவர்களுக்கு டெக்னீஷியன் பதவி ஒரு நல்ல வாசலாக இருக்கிறது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இதே வேலைக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்: டயட் டெக்னீஷியன், டயட் அசிஸ்டென்ட், ஜூனியர் டயட்டீஷியன். சில இடங்களில் 'எஃப் அண்ட் பி எக்ஸிக்யூட்டிவ்', அதாவது சாப்பாடு, பானப் பிரிவு அலுவலர், என்றும் ஆர்டரில் போடுவார்கள். அந்தக் கடைசிப் பெயரைக் கண்டால் கொஞ்சம் உஷாராக இருங்கள். கேண்டீன் கணக்கும் சேர்ந்து தலையில் விழும்.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஆறரைக்கு சென்ஸஸ். ராத்திரி யார் அட்மிட் ஆனார், யார் டிஸ்சார்ஜ், யாரை ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள், யாருக்கு ஆபரேஷன் என்பதால் வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் வரும். அதை வைத்து டயட் ஷீட் போட வேண்டும். நார்மல், சாஃப்ட், டயபெடிக், உப்பு குறைத்தது, ரீனல் (கிட்னி நோயாளிக்கு), ட்யூப் ஃபீட் (குழாய் வழியாகக் கொடுப்பது), என்.பி.ஓ. (வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாதவர்). நூறு கட்டில் என்றால் நூறு வரி. அதற்குள் கிச்சனில் இட்லி வெந்துகொண்டிருக்கும், ஏழே காலுக்கு டிராலி கிளம்பியாக வேண்டும். இந்த முக்கால் மணி நேரத்தில் நடக்கிற தப்புதான் நாள் முழுக்கத் துரத்தும்.

ஒரு தப்பைச் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் தட்டுகளில் கட்டில் நம்பர் மட்டும் ஒட்டுவோம். ஒரு நாள் விடியற்காலையில் 12-ஆம் கட்டிலில் இருந்த கிட்னி நோயாளியை 15-க்கு மாற்றியிருக்கிறார்கள். 12-ல் புதிதாக ஒருவர். எனக்கு வந்த லிஸ்ட் ராத்திரி பதினொரு மணியினுடையது. ரீனல் தட்டு புதியவருக்குப் போனது, அவர் "என்னம்மா உப்பே இல்லை" என்று மட்டும் சொன்னார். நார்மல் தட்டு கிட்னி நோயாளிக்குப் போனது, அதில் ஒரு வாழைப்பழம் இருந்தது. நான் போய்ச் சேரும்போது அவர் பாதிப் பழம் சாப்பிட்டு முடித்திருந்தார். அந்த வாரம்தான் அவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இறக்கியிருந்தார்கள், வாழைப்பழத்திலோ அதுதான் நிறைய. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அன்றையிலிருந்து கட்டில் நம்பரை நம்பி ஒரு தட்டையும் வைத்ததில்லை. பெயரைக் கேட்பேன், கையில் கட்டியிருக்கிற பட்டையில் ஐ.பி. நம்பரை (உள்நோயாளி எண்) பார்ப்பேன், அப்புறம்தான் மூடியைத் திறப்பேன். "தினமும்தானே பார்க்கிறே, இன்னும் பேரு தெரியாதா?" என்று சில பெரியவர்கள் கோபப்படுவார்கள். படட்டும்.

நேரமும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுகிற இன்சுலினை நர்ஸ் ஏழு மணிக்குப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் ரிப்பேர், டிராலி எட்டே கால் மணிக்குத்தான் வருகிறது. நோயாளிக்கு வியர்க்கும், கை நடுங்கும், சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கும். அவர் சாப்பாட்டில் எத்தனை கிராம் மாவுச்சத்து என்று நீங்கள் போட்ட கணக்கு சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால் லேட் ஆகும் என்று தெரிந்த உடனே வார்டுக்கு ஃபோன் அடித்துச் சொல்லிவிட வேண்டும். பாடத்தில் இதைச் சொல்லித் தரவில்லை, ஒரு சீனியர் நர்ஸ் திட்டித்தான் கற்றுக்கொண்டேன்.

எட்டரை மணிக்கு மேல் ஸ்க்ரீனிங். புதிதாக அட்மிட் ஆனவர்களை 24 மணி நேரத்துக்குள் பார்த்து, யாருக்கு ஊட்டச்சத்துக் குறைவு வரும் ஆபத்து இருக்கிறது என்று பிரிக்க வேண்டும். அதற்குப் பல படிவங்கள் உண்டு. எளிமையான ஒன்றில் இரண்டே கேள்விகள்தான்: சமீபத்தில் தானாக எடை குறைந்ததா, எவ்வளவு? பசி இல்லாமல் சாப்பாடு குறைந்திருக்கிறதா? மதிப்பெண் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் டயட்டீஷியனிடம் போகும். கேட்பதற்கு ரொம்ப சுலபம், பதில் வாங்குவதுதான் கஷ்டம். "எடை குறைஞ்சுதா?" என்றால் "தெரியலையே" என்பார்கள். வீட்டில் எடை மெஷின் இருக்காது. நான் வேறு மாதிரி கேட்பேன். ஜாக்கெட் தொளதொளவென்று ஆகிவிட்டதா? வேட்டிக்கு பெல்ட் போட வேண்டியிருக்கிறதா? மோதிரம் கழன்று விழுகிறதா? உடனே பக்கத்திலிருக்கிற மகள் சொல்லிவிடுவார், "ஆமாங்க, வளையல் முழங்கை வரைக்கும் ஏறுது."

எழுந்து நிற்க முடியாதவருக்கு உயரம் எப்படி எடுப்பது என்பது அடுத்தது. முழங்கால் உயரத்தை அளந்து கணக்கு போடலாம், முன்கை எலும்பின் நீளத்தை வைத்தும் போடலாம். ஆள் எவ்வளவு மெலிந்திருக்கிறார் என்று பார்க்க மேல்கைச் சுற்றளவு எடுப்பதும் உதவும். காலில் நீர் கோர்த்திருந்தால் எடையை அப்படியே நம்பாதீர்கள். கல்லீரல் நோயாளி ஒருவர் 68 கிலோ காட்டினார், வயிற்றிலிருந்து நீரை எடுத்த பிறகு 59. கையைப் பிடித்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும், மேல்கை விறகுக் குச்சி மாதிரி இருந்தது. ஆக, எடையை எழுதும்போது பக்கத்தில் 'கால் வீக்கம் உண்டு' என்று ஒரு வார்த்தை எழுதினால், மேலே கணக்கு போடுபவருக்கு அது பெரிய உதவி.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுவதும் நம் வேலை. "எப்பவும் போலத்தான்" என்பதுதான் முதல் பதில். விடாமல் விடியற்காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். காபியில் சர்க்கரை உண்டா, எத்தனை தடவை காபி, டம்ளர் எவ்வளவு பெரிசு. நான் கையோடு ஒரு 200 மில்லி டம்ளரும் ஒரு குழம்புக் கரண்டியும் எடுத்துக்கொண்டு போவேன். "ஒரு கரண்டி சாதம்" என்று ஒரு பாட்டி சொன்னார். அவர் வீட்டுக் கரண்டியைக் கையால் காட்டச் சொன்னால், அது கல்யாணப் பந்தியில் போடுகிற கரண்டி.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். இட்லிக்கு இவ்வளவு, கேழ்வரகுக்கு இவ்வளவு என்று நாம் சட்டென்று கணக்கு போடுகிறோமே, அந்த அட்டவணைகளை வெளியிடுகிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இன்று ஹைதராபாத்தில் இருக்கிறது. ஆனால் அது 1918-ல் பிறந்தது நம் குன்னூரில். பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் ஒரே ஓர் அறையில், பெரிபெரி என்கிற சத்துக்குறைவு நோயை ஆராய டாக்டர் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கியது. 1958-ல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. அதே 1918-ல் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன்தான் பின்னாளில் அந்த நிறுவனத்தை நடத்தி, இந்திய உணவுகளின் சத்து மதிப்பை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். 2017-ல் வந்த புதிய அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன. அதை ஒரு பிரதி மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கிற கலோரிக் கணக்குகளில் பாதி வேறு நாட்டு உணவுக்கானது.

இப்போது திரும்பி வரும் தட்டுக்கு வருகிறேன். இதைத்தான் ரொம்ப நேரம் பேச ஆசை.

55 கிலோ எடையுள்ள ஒருவர், வயிற்றில் ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். டயட்டீஷியன் ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்து, நாளைக்கு 66 கிராம் புரதம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். கிச்சனும் அதற்கேற்ற மாதிரி சரியாக அனுப்புகிறது. காலையில் மூன்று இட்லி போனது, இரண்டு திரும்பி வந்தது. பத்து மணிப் பால், பேரன் குடித்துவிட்டான். மத்தியானம் குழைந்த பருப்பு சாதம் பாதி, தயிர் முழுசு, இரண்டு முட்டை வெள்ளைக் கரு அப்படியே திரும்ப வந்தது. சாயங்காலம் சுண்டல் வேண்டாம் என்றுவிட்டார். ராத்திரி இடியாப்பம் ஒன்று, பாலோடு. கூட்டிப் பாருங்கள், 20 கிராம் தேறினால் அதிகம். ஷீட்டில் 66. இப்படி ஐந்து நாள் போனால் தையல் ஆறாது, ஆள் எழுந்து நடக்க மாட்டார், அப்புறம் "ஏன் இவருக்கு மட்டும் குணமாக இவ்வளவு நாள்?" என்று பேச்சு வரும்.

தட்டைப் பார்த்து கால், அரை, முக்கால், முழுசு என்று குறித்துக்கொண்டால் போதும், தராசு வேண்டியதில்லை. ஆனால் குறிப்பதோடு நின்றால் நீங்கள் வெறும் கணக்குப்பிள்ளை. ஏன் என்று போய்க் கேட்க வேண்டும். மேலே சொன்னவரிடம் கேட்டேன். முட்டை பிடிக்காதா? "பிடிக்கும்மா. பல்செட்டை வீட்டிலேயே வெச்சுட்டு வந்துட்டேன்." அவ்வளவுதான் விஷயம். மகனிடம் சொல்லி அன்று சாயங்காலமே பல்செட் வந்தது, முட்டையும் உள்ளே போனது. டயட்டீஷியன் புதுசாக புரதப் பவுடர் எழுத நினைத்திருந்தார், தேவைப்படவில்லை. இன்னொரு அம்மா வெள்ளிக்கிழமை முட்டை சாப்பிட மாட்டார். ஒருவருக்கு எந்தச் சாப்பாட்டைப் பார்த்தாலும் குமட்டல், விசாரித்தால் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு தாத்தாவுக்குக் கை நடுக்கம், ஸ்பூனைத் தூக்கினால் பாதி சட்டையில் கொட்டுகிறது. வெட்கப்பட்டுக்கொண்டு பசி இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

என்.பி.ஓ. கணக்கு இன்னொன்று. ஸ்கேனுக்காகக் காலையிலிருந்து பட்டினி போட்டிருப்பார்கள். ஸ்கேன் நாளைக்குத் தள்ளிப்போயிருக்கும், கிச்சனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மத்தியானம் மூன்று மணி வரை அவருக்குத் தட்டு போகாது. மறுநாளும் அதே கதை. "டிரிப்ஸ்ல குளுக்கோஸ் ஏறுதே, அப்புறம் என்ன சாப்பாடு" என்பார்கள் கூட இருப்பவர்கள். 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை, 85 கலோரி. இரண்டு சின்ன இட்லிக்குத்தான் சமம், அதிலும் புரதம் சுத்தமாகக் கிடையாது. இரண்டு வேளை தாண்டி என்.பி.ஓ. என்று இருக்கிற ஒவ்வொரு பெயருக்கும் நான் வார்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்பேன். நர்ஸ்களுக்கு என் குரல் கேட்டாலே அலுப்பு வரும்.

இதற்கு நேர் எதிரான ஓர் ஆபத்தும் உண்டு. பத்து நாளாக ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்த ஒரு முதியவரைக் கொண்டுவருவார்கள். பாவம், நன்றாகச் சாப்பிடட்டும் என்று முதல் நாளே எல்லாவற்றையும் கொடுத்தால், ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் சட்டென்று இறங்கி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். கொஞ்சத்தில் ஆரம்பித்து, ரத்தம் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். எவ்வளவில் ஆரம்பிப்பது என்பது டாக்டரும் டயட்டீஷியனும் முடிவு செய்வது. 'இவர் பத்து நாளாகச் சாப்பிடவில்லையாம்' என்ற தகவல் மட்டும் பெரும்பாலும் நம் வழியாகத்தான் அவர்களுக்குப் போய்ச் சேரும்.

கிச்சனைப் பற்றிக் கொஞ்சம். மாஸ்டரோடு சண்டை போடாமல் இந்த வேலை இல்லை, சண்டையே போட்டுக்கொண்டிருந்தாலும் வேலை இல்லை. 'உப்பு குறைத்தது' என்று எழுதினால் அவர் சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு, தொட்டுக்கொள்ள அப்பளம் வைப்பார். அப்பளத்தில் உப்பும் உண்டு, அப்பளக்காரமும் உண்டு. கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு சப்பாத்தி, ரவை, சேமியா எதுவும் இல்லாமல் கவனமாகப் போட்டும் வயிறு சரியாகவில்லை. ரசத்தில் போட்ட பெருங்காயத்தில்தான் விஷயம் இருந்தது. கடையில் வாங்குகிற கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கிற பழக்கம் எனக்கு அப்போது வந்ததுதான்.

விழுங்கச் சிரமப்படும் பக்கவாத நோயாளிகளின் சாப்பாடு தனிக் கலை. உலக அளவில் இதற்கு 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் வகுத்திருக்கிறார்கள். கஞ்சி எவ்வளவு கெட்டி என்று பார்க்க 10 மில்லி சிரிஞ்ச் போதும். நுனியை விரலால் அடைத்து 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்துப் பத்து விநாடி விட வேண்டும். மீதி எவ்வளவு நிற்கிறதோ அதை வைத்து நிலை. 4 முதல் 8 மில்லி வரை நின்றால் இரண்டாம் நிலை. நம் ஊர் வில்லன் ரசம் சாதம். "நல்லா குழைச்சு, தண்ணியாத்தான் கொடுத்தோம்" என்பார்கள். தண்ணீர் முன்னால் ஓடி, பருக்கை பின்னால் வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க அந்தத் தொண்டையால் முடியாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். கஞ்சியும் ஏமாற்றும். ஊட்டுகிற ஸ்பூன் வாய்க்கும் கிண்ணத்துக்கும் போய் வருவதில் எச்சில் கலந்து, கால் மணியில் கெட்டிக் கஞ்சி நீர்த்துவிடும். எச்சிலில் மாவுச்சத்தைக் கரைக்கிற நொதி இருக்கிறது, அதுதான் காரணம். கொஞ்சம் கொஞ்சமாக வேறு கிண்ணத்தில் எடுத்து ஊட்டச் சொல்ல வேண்டும்.

ட்யூப் ஃபீட் கலக்கிற அறையில் கை சுத்தம்தான் எல்லாமே. கலந்த நேரத்தை பாட்டிலில் எழுதுங்கள். பவுடரைக் கலந்து வெளியே வைத்தது 4 மணி நேரத்தைத் தாண்டினால் கீழே ஊற்றிவிட வேண்டும், விலை எவ்வளவாக இருந்தாலும் சரி.

அப்புறம் சொந்தக்காரர்கள். கிட்னி நோயாளிக்கு இளநீர் வாங்கி வராத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. குளிர்ச்சிக்கு நல்லது என்று பாசத்தோடு வாங்கி வருவார்கள். ஒரு இளநீரில் இருக்கிற பொட்டாசியம் ஒரு வாழைப்பழத்தைவிடக் குறையாது. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதும் அப்படித்தான். சோடியத்தை எடுத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு போட்டிருப்பார்கள். பிரஷர்காரர்களில் பலருக்கு நல்லது, கிட்னி கெட்டவருக்கு ஆபத்து. டயாலிசிஸ் தொடங்கியவர்களிடம் வேறு சிக்கல். அதற்கு முன்பு "பருப்பைக் குறை, முட்டையைக் குறை" என்று சொல்லிச் சொல்லி வைத்திருப்போம். டயாலிசிஸ் ஆரம்பித்ததும் புரதம் கூடுதலாக வேண்டும், ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை. "அன்னிக்கு வேண்டாம்னீங்க, இன்னிக்கு சாப்பிடுன்றீங்க, எதுதாம்மா உண்மை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொறுமையாகச் சொல்ல வேண்டியதுதான்.

இந்த மாதிரி இடத்தில் "வேண்டாம்" என்று கையிலிருந்து பிடுங்கினால் அடுத்த நாள் ஒளித்து வைத்துக் கொடுப்பார்கள். பிரசவித்த பெண்ணுக்குத் தண்ணீரே அதிகம் கொடுக்கக் கூடாது என்று உட்கார்ந்திருக்கும் மாமியாரிடம் நான் ஊட்டச்சத்து வகுப்பு எடுப்பதில்லை. "அம்மா, பூண்டுப் பால், மிளகு ரசம் எல்லாம் நீங்க சொல்றபடியே. வெந்நீர் மட்டும் ரெண்டு டம்ளர் கூட" என்பேன். நடக்கும். சர்க்கரை என்றாலே ராத்திரி சப்பாத்தி என்கிற நம்பிக்கையும் அதே ரகம். சப்பாத்தி ஒன்றும் மருந்தில்லை, நாலு தின்றால் சோறு தின்றதற்குச் சமம்தான் என்று எத்தனை தடவை சொன்னாலும் மறுபடி ஒருவர் வருவார்.

ஒரு எல்லை மட்டும் மனதில் இருக்கட்டும். டயட்டை மாற்றி எழுதுவது, ட்யூப் ஃபீட் அளவை ஏற்றுவது, 'இந்த மாத்திரையோடு கீரை சாப்பிடலாமா' என்பதற்குப் பதில் சொல்வது, இவை டெக்னீஷியன் வேலையில் சேராது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுபவர் உங்களிடம்தான் கீரையைப் பற்றிக் கேட்பார், தட்டோடு வருவது நீங்கள்தானே. கீரையை ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, திடீரென்று கூட்டவும் கூடாது என்று உங்களுக்குத் தெரிந்தே இருக்கும். இருந்தாலும் "டயட்டீஷியன் மேடத்தைச் சாயங்காலம் வரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி அவரை அனுப்பிவையுங்கள். நல்ல டயட்டீஷியன் உங்கள் குறிப்பை வாங்கிப் படிப்பார். சிலர் "தட்டைப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்றியா?" என்பார்கள். இரண்டு வகையோடும் வேலை பார்த்திருக்கிறேன்.

சம்பளம் குறைவு. நான் சேர்ந்தபோது 4,500 ரூபாய், பஸ் செலவு போக மிச்சம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. இன்றும் ஆரம்பத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எல்லாம் டியூட்டி உண்டு, நோயாளிக்குப் பண்டிகையன்றும் பசிக்கும். நாளெல்லாம் நடை, முப்பது வயதுக்குள் குதிகால் வலி வரும். நல்ல செருப்பு வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மேலே போக வழி இருக்கிறது. இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு எம்.எஸ்சி படியுங்கள், முடித்துவிட்டு இந்திய உணவியல் சங்கம் நடத்துகிற ஆர்.டி. (பதிவு பெற்ற டயட்டீஷியன்) தேர்வை எழுதலாம். 2021-ல் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென்று மத்திய அரசு ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பட்டியலில் டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இரண்டு பேரும் இருக்கிறார்கள், ஆக பதிவும் தகுதியும் இனி இறுகிக்கொண்டுதான் போகும். வேலை பார்த்த அனுபவச் சான்றிதழில் 'கிளினிக்கல்' என்ற வார்த்தை வருகிற மாதிரி, ஸ்க்ரீனிங், ட்யூப் ஃபீட், உணவு அளவுக் கணக்கு என்று செய்த வேலைகளை விவரமாக எழுதி வாங்குங்கள். வெறும் 'டயட் டிபார்ட்மென்ட்' என்று இருந்தால் அடுத்த இடத்தில் கேண்டீன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சேர்வதற்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆர்டர் வாங்கும் சாக்கில் கிச்சனைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. நீங்கள் யாருக்குக் கீழே, டயட்டீஷியனுக்கா கேட்டரிங் மேனேஜருக்கா என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள். மேனேஜருக்குக் கீழே என்றால் யோசியுங்கள். மத்தியானம் இரண்டு மணிவாக்கில் போனால் நல்லது, தட்டுகள் திரும்பி வருகிற நேரம் அது. பாத்திரம் கழுவுகிற இடத்தில் யாராவது நோட்டும் பேனாவுமாக நிற்கிறார்களா என்று பாருங்கள். நின்றால் தைரியமாகச் சேருங்கள். இல்லையென்றால், நான் நின்று குறித்துக்கொள்ளலாமா என்று அங்கே இருக்கிற டயட்டீஷியனிடம் கேளுங்கள். அவர் சொல்கிற பதிலைக் கேட்டுவிட்டு அப்பாவிடம் பேசுங்கள்.